எம்மி: ஒரு குழாயின் செல்லப்பெயர்

அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்குத் தரும் எம்மி விருது என்றதும் எம்மி என்ற யாரோ ஒரு நடிகையின் நினைவாக வைத்த பெயர் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். பெண் பெயர், பெண் சிலை, வேறென்ன தோன்றும்? ஆனால் எம்மி ஒரு பெண்ணே அல்ல. அது கேமராவுக்குள் இருந்த ஒரு கண்ணாடிக் குழாய்.

1940-களில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. என்ற மின்னணு நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவான அந்தக் குழாயின் பெயர் இமேஜ் ஆர்த்திகான். ஏறக்குறைய 15 அங்குல நீளம், முகப்பில் 3 அங்குல விட்டம். முகப்பில் விழும் ஒளி எலக்ட்ரான்களை வெளியேற்றும். அவை உள்ளே இருக்கும் மெல்லிய கண்ணாடித் தகட்டில் போய் மோதி, காட்சியை மின்னூட்டமாகப் பதிக்கும். பின்பக்கத்திலிருந்து ஓர் எலக்ட்ரான் கற்றை அதை வரிவரியாகத் துழாவித் திரும்பும். திரும்பி வருவதைப் பலமடங்கு பெருக்கினால் படம். முன்னிருந்த ஐகனோஸ்கோப் குழாய்க்குக் கண் கூசும் விளக்குகள் வேண்டும். நடிகர்கள் வியர்த்து வழிந்தார்கள். இந்தப் புதுக் குழாய்க்கு மெழுகுவத்தி வெளிச்சம் போதும் என்றார்கள். ஒரு குறை மட்டும் உண்டு. பளிச்சென்ற நகையோ விளக்கோ படத்தில் வந்தால் அதைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் விழும். அந்தக் காலத்துப் பதிவுகளைப் பார்த்தால் இன்றும் தெரியும்.

ஸ்டுடியோக்காரர்கள் இவ்வளவு நீளப் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பார்களா? 'இம்மி' என்று சுருக்கிவிட்டார்கள். (நம் ஊரில் இம்மி என்றால் துளியூண்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

சிட் கசிட் 1946-இல் தொடங்கிய தொலைக்காட்சிக் கலை அறிவியல் கழகம் விருது கொடுக்க முடிவெடுத்தபோது பெயர் தேடியது. முதலில் வந்த யோசனை 'ஐக்'. ஐகனோஸ்கோப்பின் சுருக்கம் அது. ஆனால் தளபதி ஐசனோவரையும் நாடே 'ஐக்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. சரி, அது வேண்டாம் என்றார்கள். ஹாரி லப்கே என்ற பொறியாளர் 'இம்மி' என்றார். அப்புறம் சிலை பெண்ணுருவம் என்பதால் இம்மி, எம்மி ஆயிற்று.

சிலையை வடித்தவர் லூயிஸ் மெக்மானஸ். 47 வடிவங்களைத் தள்ளிவிட்டு அவருடையதைத் தேர்ந்தெடுத்தார்கள். மாதிரியாக நின்றவர் அவர் மனைவிதான். சிறகு முளைத்த பெண் ஓர் அணுவை உயர்த்திப் பிடித்திருப்பாள். சிறகு கலைக்கு, அணு அறிவியலுக்கு.

முதல் விழா 1949 ஜனவரி 25 அன்று, ஹாலிவுட் அத்லெடிக் கிளப்பில் நடந்தது. டிக்கெட் 5 டாலர். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் தயாரான நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே போட்டி. கொடுத்த விருதுகள் மொத்தம் 6. அதில் ஒன்று சிலை செய்த மெக்மானஸுக்கே. சிறந்த தொலைக்காட்சிக் கலைஞர் விருதை வாங்கியவர் ஷர்லி டின்ஸ்டேல் என்ற இளம்பெண். இவர் வாயசைக்காமலே பேசுவார். மடியில் இருக்கும் பொம்மை பேசுவதுபோல் இருக்கும். பொம்மையின் பெயர் ஜூடி ஸ்பிளின்டர்ஸ். ஸ்பிளின்டர் என்றால் மரச்சிராய்.

இப்போது தமிழுக்கு வருவோம். முதலில் விருது. பிருதம் என்ற வடசொல்லின் வழி வந்தது. பழைய வழக்கில் அது மேடையேறிக் கையில் வாங்கும் பொருள் அல்ல. பட்டப்பெயர், வெற்றிக்கொடி, மன்னர் முன்னே தூக்கிச் செல்லும் சின்னம். 1923 வரை விருதுநகருக்கு விருதுபட்டி என்று பெயர். அந்த விருதும் கொடிதான் என்று ஊர்க்கதை சொல்கிறது. கையில் வாங்கும் பொருளுக்குச் சங்க காலத்தில் பரிசில் என்று பெயர். பாணனுக்கு மன்னர் பொன்னால் செய்த தாமரை சூட்டினார். தங்க முலாம் பூசிய எம்மிக்கு அதுதான் நெருங்கிய உறவு என்பேன். ஆனாலும் விருது இன்று ஊன்றிவிட்ட சொல், மாற்றத் தேவையில்லை.

சிலை என்பதில் ஒரு சின்ன நெருடல். அந்தச் சொல்லுக்கு அடிப்படைப் பொருள் கல். உலோகத்தில் வார்த்ததைச் சிற்ப நூலார் படிமம் என்பார்கள். கண்ணாடியில் தெரியும் உருவத்துக்கும் படிமம் என்று எழுதுகிறோம், ஆக இமேஜுக்கும் அது பொருந்தும். இமேஜ் ஆர்த்திகானைப் படிமக்குழல் என்று சொல்லிப் பார்த்தேன். பரவாயில்லை, ஒட்டுகிறது.

ஆனால் எனக்குப் பிடித்த சொல் பாவை. பாவை என்றால் பெண், பாவை என்றால் வார்த்த உருவம், பாவை என்றால் பொம்மை. பொம்மலாட்டத்தை மரப்பாவைக் கூத்து என்கிறோமே! இதோடு நிற்கவில்லை, கண்ணின் நடுவே இருக்கும் கறுப்பு வட்டமும் பாவைதான். காதலன் தன் கண்ணிடம் 'கருமணியிற் பாவாய்' என்று பேசுகிற குறள் நினைவிருக்கலாம். எதிரே நிற்பவரின் உருவம் அங்கே குட்டிப் பொம்மையாகத் தெரிவதால் வந்த பெயர். லத்தீன்காரர்களும் இதையேதான் செய்தார்கள்: பியூப்பிலா என்றால் சின்னப் பொம்மை, கண்மணிக்கும் அதுவே பெயர். கேமராவின் கண், சிறகுப் பெண், ஜூடியின் மரமுகம் எல்லாம் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

அதற்காக எம்மியைப் பாவை விருது என்று மாற்றி எழுதச் சொல்லவில்லை. அது இடுபெயர், அப்படியே இருக்கட்டும். கையில் ஏந்தும் உருவத்தைக் குறிக்கும்போது மட்டும் 'எம்மிப் பாவை' என்று எழுதலாம். 'எம்மிஸ் விருதுகள்' என்று எழுதுகிறவர்கள் மட்டும் அந்த ஆங்கிலப் பன்மை 'ஸ்'ஸை விட்டுவிட்டால் நல்லது. 'கள்' ஏற்கெனவே அங்கே இருக்கிறது.