அண்ணாச்சியின் போனும் பழைய எஃப்டிபியும்

"தம்பி, கடை கம்ப்யூட்டர்ல திறக்குது. என் போன்ல மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு."

அச்சகம் நடத்தும் ஒரு அண்ணாச்சி சொன்னது இது. டிசைனர்கள் அனுப்பும் ஃபைல்களை வாங்கிக்கொள்ள அவர் கடையில் பல வருடங்களுக்கு முன் யாரோ ஒரு எஃப்டிபி (ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைல் அனுப்பும் பழைய முறை) சர்வர் வைத்துக் கொடுத்திருந்தார்கள். இப்போது கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தபடியே காலண்டர் டிசைனைத் திறந்து பார்க்க வேண்டும் என்கிறார். நியாயமான ஆசைதான்.

முதலில் அவர் பிரவுசரில் லிங்கைத் தட்டிப் பார்த்திருக்கிறார். அது நடக்காது. ஃபயர்பாக்ஸ் 2021 ஜூலையிலும், குரோம் அதே வருடம் அக்டோபரிலும் எஃப்டிபியை முழுசாகத் தூக்கிவிட்டன. அப்புறம் பையன் ஓர் ஆப் போட்டுக் கொடுத்தான். பெயரையும் பாஸ்வேர்டையும் சர்வர் ஏற்றுக்கொண்டது, ஃபைல் பட்டியல் மட்டும் வரவில்லை. இந்த இடத்தில் பலரும் ஆப்பைத் திட்டிவிட்டு அடுத்த ஆப்பைத் தேடுவார்கள். அண்ணாச்சி நாலு ஆப் மாற்றியிருந்தார்.

எஃப்டிபியின் முதல் வரைவு 1971 ஏப்ரலில் வந்தது. எழுதியவர் அபய் பூஷண், ஐஐடி கான்பூரில் படித்துவிட்டு எம்ஐடி போனவர். (கல்லூரியில் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.) பல முறை திருத்தப்பட்டு 1985-இல் ஆர்எஃப்சி 959 என்ற இணையத் தர ஆவணம் ஆனது. இன்றும் ஓடுவது அதுதான். அதில் ஓர் இணைப்பில் பேச்சு, இன்னோர் இணைப்பில் சரக்கு. பழைய முறையில், சரக்கு இணைப்புக்குச் சர்வரே கிளம்பி வந்து உங்கள் கம்ப்யூட்டரின் கதவைத் தட்டும். வைத்த இடத்தில் அசையாமல் இருந்த கம்ப்யூட்டர்களுக்கு அது சரி. மொபைல் நெட்வொர்க்கிலோ எத்தனையோ போன்கள் ஒரே பொது முகவரியின் பின்னால் இருக்கின்றன. சர்வர் வந்து தட்டினால், வீட்டு எண் தெரியாமல் அபார்ட்மென்ட் வாசலில் நிற்கும் கூரியர்காரர் கதைதான்.

இதற்காகவே 'பாசிவ்' முறை உண்டு. அதில் சர்வர் தன் முகவரியைச் சொல்லும், போன் தேடிப் போகும். அண்ணாச்சியின் ஆப்பும் அதைத்தான் கேட்டது. சர்வர் சொன்ன பதில்: 192,168,1,10,195,80. முதல் நாலு எண் முகவரி. கடைசி இரண்டும் போர்ட், அதாவது அந்த முகவரியில் எந்தக் கதவு என்ற எண்: 195-ஐ 256-ஆல் பெருக்கி 80-ஐக் கூட்டினால் 50000. கோளாறு இங்கே பிடிபட்டது. 192.168 என்று தொடங்குவது கடைக்குள் மட்டும் செல்லும் முகவரி. கடை கம்ப்யூட்டருக்கு அது பக்கத்து மேஜை, போனுக்கு அப்படி ஒரு இடமே கிடையாது. போதாததற்கு ரௌட்டரில் 21 என்ற ஒரே போர்ட்தான் திறந்திருந்தது.

சர்வரில் வெளிமுகவரியை எழுதி, ரௌட்டரில் ஐம்பது போர்ட் திறந்தால் பத்து நிமிட வேலை. நான் அதைச் செய்யவில்லை. அதற்குப் பதிலாக, சர்வரில் போய் வரும் பாக்கெட்டுகளை (நெட்டில் ஓடும் தகவல் துண்டுகளை) அவர் கண் முன்னாலேயே பிடித்துக் காட்டினேன். அவர் பாஸ்வேர்டு அப்படியே, எழுத்துக்கு எழுத்து, திரையில் நின்றது. கடைப் பெயரும் மகள் பிறந்த வருடமும். "இதேதான் தம்பி என் மெயிலுக்கும்" என்றார், குரல் இறங்கி. கடைக்குள் ஒரு கேபிளில் ஓடியவரை அது சிறிய ஆபத்து. கல்யாண மண்டப வைஃபையில் ஓடும்போது அந்த வைஃபையை நடத்துபவர் யாராக இருந்தாலும் படித்துவிடலாம்.

எஸ்எஃப்டிபிக்கு மாற்றினோம். பெயரில் ஒட்டு இருந்தாலும் அது எஃப்டிபியின் வாரிசு அல்ல, தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சோடு வந்தது. ஒரே இணைப்பு, ஒரே போர்ட் 22, எல்லாம் மறையாக்கத்துக்குள், இடையில் பிடித்தாலும் படிக்க முடியாது. போனுக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை. எஃப்டிபிஎஸ் என்பது வேறு: பழைய எஃப்டிபிக்கு மறையாக்கம் போர்த்தியது, இரண்டு இணைப்புத் தலைவலி அப்படியே இருக்கும். கடையில் கேட்கும்போது எழுத்து வரிசையைப் பார்த்துக் கேளுங்கள். ஒன்று மட்டும்: 22-ஐ வெளியே திறந்தால், பாஸ்வேர்டை நிறுத்திவிட்டு, அதற்குப் பதில் உங்களை அடையாளம் காட்டும் சாவிக் கோப்பு வைத்துக்கொள்வது நல்லது. திறந்த அன்றே உலகம் முழுவதிலிருந்தும் தட்டத் தொடங்கிவிடுவார்கள்.

போனுக்கே உரிய தொல்லை ஒன்று மிச்சம். திரை அணைந்தால் பெரிய ஃபைல் பாதியில் நிற்கும். ஆண்ட்ராய்டு 6-இலிருந்து, தொடாமல் கிடக்கும் போன் ஆப்களின் நெட்டை அடக்கிவிடுகிறது. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் முகவரி மாறி இணைப்பு அறுந்துபோகும். விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி உள்ள ஆப்பாகப் பாருங்கள்.

"உங்கள் எஃப்டிபியை எங்கள் தளம் வழியே போனில் திறக்கலாம்" என்று வரும் இடைத்தரகர்கள்தான் எனக்குப் பெரிய கவலை. எல்லா இடைத்தரகும் தப்பில்லை. 1991-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்த கோஃபரை (எழுத்துப் பக்கங்களைப் பட்டியல் போட்டுக் காட்டும் பழைய முறை) இன்றும் வலை வாசல்கள் வழியே போனில் படிக்கலாம். அங்கே பாஸ்வேர்டே கிடையாது, திருட ஒன்றுமில்லை. எஃப்டிபி விஷயத்தில் நீங்கள் தருவது சாவி.

போனையே எஃப்டிபி சர்வராக்கும் ஃபைல் மேனேஜர்களும் உண்டு. 2121 போன்ற போர்ட்டில் ஓடும், ஏனென்றால் 1024-க்குக் கீழ் திறக்க சாதாரண ஆப்புக்கு ஆண்ட்ராய்டு அனுமதிப்பதில்லை. வீட்டில் படம் மாற்ற வசதிதான். பாஸ்வேர்டு போடாமல் ஹாஸ்டல் வைஃபையில் ஓடவிட்டுத் தூங்கினால், மொத்த கேலரியும் மாடி முழுக்கத் திறந்து கிடக்கும்.

அண்ணாச்சி இப்போதும் அதை எஃப்டிபி என்றுதான் சொல்கிறார், நான் திருத்துவதில்லை. கடையில் உள்ள பழைய ஸ்கேனர் ஒன்று மட்டும் நிஜமாகவே எஃப்டிபி தவிர வேறு பாஷை அறியாது. அதற்குத் தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு, ஒரே ஒரு ஃபோல்டர் கொடுத்து, ரௌட்டரைத் தாண்டாமல் உள்ளேயே வைத்திருக்கிறேன்.