பேட்ரியட்ஸ் டே: தேசபக்தர் தினமாம், எந்த தேசம்?

இந்த ஏப்ரலிலும் அதே கதை. பாஸ்டன் மாரத்தான் செய்தியைப் படித்துக்கொண்டே வந்தால், இரண்டாவது பத்தியில் 'தேசபக்தர்கள் தினத்தையொட்டி அங்கே விடுமுறை' என்று இருக்கிறது. போன வருஷம் வேறொரு இடத்தில் 'தேசபக்தி தினம்'. பேட்ரியட்ஸ் டேக்கு இப்படியொரு மொழிபெயர்ப்பை எத்தனை தடவைதான் கண்டும் காணாமல் போவது?

முதலில் நாள் எது என்று சொல்லிவிடுகிறேன். 1775 ஏப்ரல் 19 அன்று மாசசூசெட்ஸில் லெக்சிங்டன், கான்கார்ட் ஆகிய ஊர்களில் பிரிட்டிஷ் படையோடு நடந்த, அமெரிக்க விடுதலைப் போரைத் தொடங்கிவைத்த சண்டைகளின் நினைவு நாள் இது. அமெரிக்கா முழுக்க விடுமுறை கிடையாது. மாசசூசெட்ஸிலும், 1820 வரை அதன் பகுதியாக இருந்த மெயினிலும், இன்னும் சில மாநிலங்களிலும்தான் கடைப்பிடிக்கிறார்கள். 1894இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் கிரீன்ஹால்ஜ் பழைய நோன்பு நாளை எடுத்துவிட்டு இதை வைத்தார். லெக்சிங்டன்காரர்கள் 'லெக்சிங்டன் நாள்' வேண்டும் என்றார்கள், கான்கார்ட்காரர்கள் விடுவார்களா, 'கான்கார்ட் நாள்' என்றார்கள். இரண்டு பக்கமும் மனம் கோணாமல் வைத்த பெயர்தான் பேட்ரியட்ஸ் டே. 1969 முதல் ஏப்ரல் மூன்றாம் திங்களுக்கு மாறிவிட்டது.

'பேட்ரியட்' என்ற சொல்லின் வேர் கிரேக்கம். 'பாத்ரிஸ்' என்றால் தந்தையர் நிலம், 'பாத்ரியோதேஸ்' அதே நிலத்துக்காரன். நம் பேச்சில் 'எங்க ஊர்க்காரன்'. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இதில் பக்தி எங்கே இருக்கிறது?

சரி, வேரை விடுங்கள், வழக்கைப் பார்ப்போம். 1775இல் அது ஒரு கட்சிப் பெயர். மன்னர் பக்கம் நின்றவர்கள் லாயலிஸ்டுகள், எதிர்த்தவர்கள் பேட்ரியட்டுகள். லண்டனில் அது கிட்டத்தட்ட வசைச்சொல். சாமுவேல் ஜான்சன் 1773இல் தன் அகராதியைத் திருத்தியபோது, அரசைக் குலைக்கிற கலகக்காரனுக்கும் சில சமயம் இப்படிச் சொல்வதுண்டு என்று சேர்த்தார். அப்புறம், தேசபக்தர் என்றால் தேசம் எங்கே? சுதந்திரப் பிரகடனம் வந்ததே 1776 ஜூலையில். லெக்சிங்டனில் நின்றவர்கள் அன்றைக்கு பிரிட்டிஷ் குடிமக்கள். முந்தின இரவு குதிரையில் போய் எச்சரித்த பால் ரிவியர் 'பிரிட்டிஷார் வருகிறார்கள்' என்று கத்தியதாகக் கதை உண்டு. அவர் சொன்னது 'ரெகுலர்கள் வருகிறார்கள்', அதாவது சம்பளப் படை வருகிறது என்று. தானே பிரிட்டிஷ்காரன் என்று நினைக்கிறவன் பிரிட்டிஷ்காரன் வருகிறான் என்று எப்படிக் கத்துவான்?

நமக்கு 'தேசபக்தர்' என்றதும் கதரும் சிறையும்தான் நினைவுக்கு வரும். 1917இல் திரு.வி.க. ஆசிரியராக இருந்த நாளிதழுக்கே 'தேசபக்தன்' என்றுதான் பெயர். அந்தச் சொல் நம் வரலாற்றில் ஊறியது, அதை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் மாசசூசெட்ஸ் விவசாயி தலையில் வைத்தால் பொருந்தாது. இன்னொரு குழப்பமும் உண்டு. செப்டம்பர் 11க்கு 'பேட்ரியட் டே' என்று 2001இல் சட்டம் போட்டுப் பெயர் வைத்தார்கள். தமிழில் இரண்டுமே தேசபக்தர் தினம் ஆகிவிட்டால், ஏப்ரலில் எதற்கு இரட்டைக் கோபுரம் என்று வாசகர் முழிப்பார்.

தனித்தமிழ் நண்பர்கள் உடனே 'நாட்டுப்பற்றாளர் நாள்' என்பார்கள். வடமொழி போனதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பெயருக்கு ஏற்கெனவே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். இந்திய அமைதிப்படைக் காலத்தில் மட்டக்களப்பில் உண்ணாநோன்பிருந்த அன்னை பூபதி உயிர்நீத்தது 1988 ஏப்ரல் 19. ஈழத்தமிழர்கள் அந்த நாளைத்தான் நாட்டுப்பற்றாளர் நாள் என்கிறார்கள். தேதிகூட அதே ஏப்ரல் 19! அந்தத் தேதியில் அந்தப் பெயரைப் பார்த்தால் ஈழத்தமிழ் வாசகருக்கு பூபதி அம்மாவின் முகம்தான் வரும். சொல்லாக்கம் செய்கிறவர்கள் தமிழ் தமிழ்நாட்டோடு முடிந்துவிடவில்லை என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கிரேக்க வேரோடு ஒட்டிப்போகும் 'நாட்டார் நாள்' எனக்கே ஒரு காலத்தில் பிடித்திருந்தது. ஆனால் இன்றைக்கு நாட்டார் என்றால் நாட்டார் பாடல்தான். பறையும் உறுமியும் கேட்கும் என்று நினைத்து வருகிறவரை ஏமாற்றக்கூடாது.

என் தெரிவு 'நாட்டுப்படை நாள்'. குறள் உரையில் பரிமேலழகர் அறுவகைப் படை சொல்கிறார்: மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை. நாட்டுப்புறத்திலிருந்து திரண்டு வருவது நாட்டுப்படை. லெக்சிங்டன் திடலில் அந்த விடியற்காலையில் நின்றவர்கள் சாட்சாத் அவர்கள்தான். ஏர் பிடித்த கையில் துப்பாக்கி, தலைவர் ஜான் பார்க்கரும் விவசாயி. எட்டுப் பேர் செத்தார்கள். காயம்பட்டவர்களில் பிரின்ஸ் எஸ்டாப்ரூக் என்ற கறுப்பினத்தவர் ஒருவர், அன்றைக்கும் அடிமையாகவே இருந்தவர். அவரை 'தேசபக்தர்' என்று எழுத எனக்குக் கை வராது. 'நாட்டுப்படையில் நின்றவர்' என்றால் பொய்யில்லை.

பேட்ரியட்டுகள் எல்லாரும் படையில் இருக்கவில்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் நாள் சண்டைக்குத்தானே எடுக்கப்படுகிறது. கட்சியைக் குறிக்கும்போது 'பேட்ரியட்' என்றே எழுதிவிட்டுப் போங்கள், லாயலிஸ்டுகளின் இன்னொரு பெயரான டோரியை மொழிபெயர்க்கிறோமா என்ன? எதையும் மொழிபெயர்த்தே தீருவேன் என்று உட்கார்ந்தால் என்ன ஆகும் தெரியுமா? ஒரு நிமிடத்தில் சண்டைக்குத் தயாராகும் 'மினிட்மேன்' வீரர்களை ஒரு மொழிபெயர்ப்பில் 'நிமிட மனிதர்கள்' ஆக்கியிருந்தார்கள். ஏதோ ஒரு நிமிடம் மட்டும் மனிதராக இருந்துவிட்டுப் போனவர்கள் மாதிரி!

மெயின்காரர்கள் வேறு, ஆங்கிலப் பெயரில் 'எஸ்' எழுத்துக்குப் பின்னால் வரும் அபாஸ்ட்ரஃபி குறியை ஓரெழுத்து முன்னால் தள்ளி, ஒருமையில் 'ஒரு பேட்ரியட்டின் நாள்' என்று எழுதுகிறார்கள். நாட்டுப்படை நாள் என்றால் அந்தச் சண்டையும் இல்லை.