பூ இல்லை என்றால் “பூ இல்லை” என்றே எழுதுங்கள்

ஜனவரி கடைசியில் ஒரு பள்ளியிலிருந்து மரக் கண்காணிப்பு நோட்டு வந்தது. வளாகத்தில் நிற்கும் ஒரே ஒரு கொன்றை மரத்தைப் பற்றி மூன்று வருடமாக எழுதியது. ஆசையாகத் திறந்தேன். மொத்தமே பதினோரு வரிதான், பதினொன்றிலும் “பூ நிறைய”. மரம் மஞ்சளாகச் சொரிந்த நாட்களில் மட்டும் பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறார்கள். பொறுப்பாசிரியரைக் கூப்பிட்டுக் கேட்டேன். “மத்த நாள்ல மரத்துல ஒண்ணுமே இல்லையே மேடம், என்னத்த எழுதறது?” என்றார்.

தன்னார்வலர்களுக்கு மரம் பார்க்கச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இந்தப் பதிலை ஒவ்வொரு வருடமும் கேட்கிறேன். இந்த முறை மனசு தாங்கவில்லை. மூன்று வருட உழைப்பு, ஆனால் அந்த மரம் எப்போது பூக்கத் தொடங்கியது என்று ஒரு வருடத்துக்குக்கூடச் சொல்ல முடியவில்லை.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏப்ரல் 5 அன்று பூவைப் பார்த்து எழுதுகிறீர்கள். அதற்கு முன் கடைசியாக மரத்தடிக்குப் போனது மார்ச் 1 என்றால், நடுவில் இருக்கும் ஐந்து வாரத்தில் எந்த நாளிலும் முதல் பூ விரிந்திருக்கலாம். மார்ச் 29 அன்று “மொட்டு உண்டு, பூ இல்லை” என்று ஒரு வரி இருந்திருந்தால், ஒரே வாரத்துக்குள் அடைபட்டிருக்கும். அந்த “இல்லை”தான் தேதியைப் பிடித்துக்கொடுக்கிறது. பருவம் தள்ளிப்போகிறதா, முந்துகிறதா என்று நாம் தேடுவது சில நாட்கள் வித்தியாசத்தை. ஐந்து வார ஓட்டைக்குள் அது எங்கே அகப்படும்? இன்னொன்று, காலியாக விட்ட கட்டமும் “இல்லை” என்று எழுதிய கட்டமும் ஒன்றல்ல. காலி என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். “இல்லை” என்றால், அண்ணாந்து பார்த்தோம், பூ இல்லை.

ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி மரங்கள் முழுதாகப் பூத்த நாள் 9ஆம் நூற்றாண்டிலிருந்து, இடையிடையே விட்டுப்போனாலும், நாட்குறிப்புகளில் கிடைக்கிறது. அதனால்தான் 2021இல் மார்ச் 26 அன்று பூத்தபோது, 1,200 வருடத்தில் இவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை என்று அவர்களால் சொல்ல முடிந்தது. நம் சங்கப் பாடல்களில் கொன்றை பூத்தால் கார்காலம் வந்தது என்று பொருள். இன்று நாம் அதைச் சித்திரையில் பார்க்கிறோம். இதை வைத்தே பருவநிலை மாறிவிட்டது என்று முடிவு கட்டுபவர்கள் என்னிடம் வருவதுண்டு. நடுவில் யாரும் வாரம் தவறாமல் எழுதி வைக்கவில்லையே, எதை நம்பி ஆமாம் என்று சொல்வது?

இந்தியாவில் 2010இல் தொடங்கிய சீசன்வாட்ச் திட்டத்தில் கேட்பது மிகக் கொஞ்சம். வாரம் ஒருமுறை அதே மரத்தைப் பார்த்து இலை, பூ, காய் ஒவ்வொன்றுக்கும் இல்லை, கொஞ்சம், நிறைய என்று குறிக்க வேண்டும். மரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் நிறைய. எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம், இரண்டு நிமிட வேலை.

அந்த இரண்டு நிமிடத்தில் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். புங்க இலையின்மேல் பச்சையாக, விரல் விரலாகச் சில முடிச்சுகள் நிற்கும். ஒரு வகைச் சிலந்திப்பேன் செய்யும் வேலை அது. அதை மொட்டு என்றும் காய் என்றும் குறித்து அனுப்புகிறார்கள். புங்கத்தின் மொட்டு இலைமேல் வராது, இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்திலிருந்து கொத்தாகக் கிளம்பும். கொன்றையில் வேறொரு குழப்பம். போன வருடத்துக் கறுத்த காய்கள் மாதக்கணக்கில் தொங்கும், அதே மரத்தில் புதுப்பூவும் வரும். இரண்டையும் குறியுங்கள். “பூக்கும்போது காய் எப்படி இருக்கும்?” என்று நீங்களே ஒன்றை அடித்துவிடாதீர்கள்.

அப்புறம், மாதக் கடைசியில் உட்கார்ந்து நான்கு வாரத்தையும் ஒரே மூச்சில் நிரப்புவதை இன்றோடு நிறுத்துங்கள். ஒரே பேனா, ஒரே சாய்வு, நான்கு வரியும் அச்சு அசல் ஒன்றுபோல் இருந்தால் எங்களுக்குத் தெரிந்துவிடும். பார்க்காத வாரத்தைக் காலியாகவே விடுங்கள், யாரும் கோபப்பட மாட்டோம். பொய்யாக நிரப்பிய ஒரு வாரம் உண்மையாகப் பார்த்த பத்து வாரத்தையும் சந்தேகப்பட வைக்கிறது.

மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தினமும் நடக்கிற வழியில் இருப்பதாகப் பாருங்கள். மின்கம்பிக்குக் கீழே நிற்கிற மரம் வேண்டாம், பூக்கும் நேரத்தில் கிளையை வெட்டிவிடுவார்கள். பிள்ளைகளை மரத்தில் ஏற்ற வேண்டாம், கிளையை உலுக்கவும் வேண்டாம். விடுமுறையில் யார் பார்ப்பது என்பதை முன்கூட்டியே பேசிவையுங்கள். கொன்றை பூப்பதே நம் பள்ளிகள் மூடிக்கிடக்கிற கோடையில்தான். வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டால் மாட்டேன் என்றா சொல்லப்போகிறார்? தயவுசெய்து கேட்டுப் பாருங்கள்.

அந்த ஆசிரியரிடம் இதையெல்லாம் பொறுமையாகத்தான் சொன்னேன். போன வெள்ளிக்கிழமை நோட்டின் புதுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். ஏழாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்து: “பழுத்த இலை நிறைய. மொட்டு இல்லை. பூ இல்லை. கறுத்த காய் கொஞ்சம்.”