பெட்டிக்கு யார் பொறுப்பு? பினாங்குக்குச் சரக்கு வந்து சேரும் விதம்

பினாங்கு லிட்டில் இந்தியா கடைகளில் தீபாவளி நெருங்கும்போது சேலைக் கட்டும் எவர்சில்வர் பாத்திரமும் பிளாஸ்டிக் மாலையும் கூரை வரை அடுக்கியிருக்கும். இதில் பெரும்பகுதி கடல் தாண்டி வந்தது. யார் கொண்டு வந்தார்கள் என்று கேட்டால், "ஃபார்வர்டிங் ஏஜெண்ட்" என்று கடைக்காரர் முடித்துவிடுவார். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் பல விதமான நிறுவனங்கள் இருக்கின்றன. கப்பலும் லாரியும் சொந்தமாக வைத்திருப்பவர் ஒருவர். கப்பலில் இடத்தை மொத்தமாக வாங்கிப் பிரித்து விற்பவர் இன்னொருவர். கஸ்டம்ஸ் வேலையை மட்டும் பார்ப்பவர், கிடங்கு நடத்துபவர், இவர்கள் எல்லாரையும் வைத்து வேலை வாங்குபவர் என்று பட்டியல் நீளும். நம் சிறு வியாபாரிகள் பெரும்பாலும் வாடகையை மட்டும் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சரக்கு தாமதமானாலோ உடைந்தாலோ எனக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு 20 அடி கண்டெய்னருக்குள் சுமார் 33 கன மீட்டர் இடம் இருக்கிறது. மாதம் மூன்று கன மீட்டர் துணி இறக்கும் கடைக்கு அது மிகப் பெரிது. அதனால் ஒரு ஃபார்வர்டர் முழுக் கண்டெய்னரைக் கப்பல் நிறுவனத்திடம் எடுத்து, பத்துப் பதினைந்து பேரின் சரக்கை அதில் சேர்த்து ஏற்றுகிறார். தொழிலில் இதை எல்.சி.எல். என்பார்கள், ஒருவரே முழுப் பெட்டியையும் எடுத்தால் எஃப்.சி.எல்.

எல்.சி.எல். சரக்குக்கு இரண்டு அடுக்காகச் சீட்டு போடப்படுகிறது. கப்பல் நிறுவனம் ஃபார்வர்டர் பெயரில் மாஸ்டர் பில் கொடுக்கும். ஃபார்வர்டர் ஒவ்வொரு வியாபாரிக்கும் தனித்தனியாக ஹவுஸ் பில் கொடுப்பார். கடைக்காரரின் பெயர் கப்பல் நிறுவனத்தின் சீட்டில் இருக்காது. ஆகவே சரக்கு சேதமானால் அவர் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் ஹவுஸ் பில் கொடுத்தவரின் வாசல்தான். அந்த ஃபார்வர்டர் கப்பல் வாடகையைக் கட்டாமல் விட்டால், முழுப் பணம் கொடுத்த கடைக்காரரின் பெட்டியும் சேர்ந்து துறைமுகத்தில் நிற்கும். அதே கண்டெய்னரில் வேறொருவரின் சரக்குக்குத் தாள் சரியில்லை என்றாலும் எல்லாரும் காத்திருக்க நேரலாம். ஏஜெண்ட் தானே கண்டெய்னரை நிரப்புகிறாரா, அல்லது இன்னொருவரிடம் கைமாற்றிவிடுகிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது இதனால்தான் முக்கியம்.

வாடகைக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கடல் வழியில் ஒரு கன மீட்டரையும் ஒரு டன்னையும் சமமாக வைத்து, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுகிறார்கள். துணியும் பாத்திரமும் இடத்தை அடைப்பவை, ஆகவே அளவுக்குத்தான் காசு. கருங்கல் அம்மி அப்படியல்ல. ஒரு கன மீட்டர் கருங்கல் இரண்டரை டன்னுக்கு மேல் இருக்கும், அதற்கு எடைக் கணக்குத்தான். விமானத்தில் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6,000ஆல் வகுத்தால் கிடைப்பது கன எடை. கூரியர் நிறுவனங்கள் பெரும்பாலும் 5,000ஆல் வகுக்கும். 60 × 50 × 40 அளவுள்ள பெட்டியில் எட்டு கிலோ பிளாஸ்டிக் மாலையை அனுப்பினாலும் விமானச் சரக்கில் 20 கிலோவுக்கும் கூரியரில் 24 கிலோவுக்கும் பணம் கட்ட வேண்டும். அதே பெட்டியில் 30 கிலோ பட்டுச்சேலை இருந்தால் இரண்டிலும் 30 கிலோதான். சரக்கை எப்படி மடித்து அடுக்குகிறோம் என்பதே பல சமயம் பேரம் பேசுவதைவிட அதிகமாக மிச்சம் பிடித்துக் கொடுக்கும்.

ஏமாற வாய்ப்பு அதிகமுள்ள இடம் வேறு. "கடல் வாடகை எங்கள் செலவு" என்று இந்தியாவில் விற்பவர் சொல்வார். சி.ஐ.எஃப். விலை, அதாவது சரக்கின் விலையோடு காப்பீடும் கடல் வாடகையும் சேர்ந்த விலை என்றால் அதுதான். அப்போது ஃபார்வர்டரைத் தேர்ந்தெடுப்பதும் விற்பவர்தான். எல்.சி.எல். தொழிலில் கடல் வாடகையை அடிமட்டத்துக்குக் குறைத்துக் காட்டிவிட்டு, சரக்கு இறங்கும் ஊரில் பெட்டி பிரிக்கும் கட்டணம், கிடங்குக் கட்டணம், டெலிவரி ஆர்டர் கட்டணம் என்று வாங்குபவரிடம் வசூலிக்கும் வழக்கம் இருக்கிறது. பெட்டி இங்கே வந்த பிறகு பேரம் பேச எதுவும் மிச்சமிருக்காது. எஃப்.ஓ.பி. விலைக்கு வாங்கினால் ஏற்றும் துறைமுகம் வரைதான் விற்பவர் செலவு; அதற்கப்புறம் ஃபார்வர்டர் நம் ஆள். சி.ஐ.எஃப்., எஃப்.ஓ.பி. போன்ற விதிகளைப் பன்னாட்டு வணிகச் சபை 1936இல் தொகுத்து வெளியிட்டது. இப்போது நடப்பில் இருப்பது 2020 பதிப்பு. வழக்கமாகச் சரக்கு எடுக்கும் கடைகள் எஃப்.ஓ.பி. பக்கம் போவது நல்லது என்றே நினைக்கிறேன்.

கஸ்டம்ஸ் ஏஜெண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1967ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி உரிமம் பெற்றவரா என்று பாருங்கள். கே1 எனும் இறக்குமதி அறிவிப்புப் படிவத்தை அவர் நிரப்பினாலும், விலையைக் குறைத்துக் காட்டினால் சிக்கிக்கொள்வது இறக்குமதியாளரும்தான்.

லிட்டில் இந்தியாவிலிருந்து தீவின் தெற்கே பாயான் லெப்பாஸுக்குப் போனால் கணக்கே மாறிவிடும். 1972இல் அங்கே தடையற்ற தொழிற்பேட்டை தொடங்கியது, இன்டெல் அதே ஆண்டில் வந்தது. கைக்குள் அடங்கும் சிப்புகளின் விலைக்கு முன்னால் விமான வாடகை சிறு தொகை. கடலில் வாரக்கணக்கில் முடங்கும் பணம்தான் பெரிய நஷ்டம். அதனால் அவை பக்கத்து விமான நிலையத்திலிருந்தோ, லாரியில் கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ. வரை போயோ பறக்கின்றன. இப்படிப்பட்ட ஆலைகளுக்கு உதிரிப்பொருள் கொடுப்பவர்கள் ஆலைக்கு அருகே உள்ள கிடங்கில் சரக்கை வைத்திருப்பார்கள். ஆலை எடுக்கும் நிமிடம் வரை அது கொடுத்தவரின் சொத்து. அந்தக் கிடங்கையும் லாரியையும் கணினிக் கணக்கையும் சேர்த்து நடத்துபவர்தான் மூன்றாம் தரப்பு, அதாவது 3பி.எல். பல 3பி.எல்.களையும் மேலிருந்து கண்காணித்து, தன் பெயரில் ஒரு லாரிகூட இல்லாமல் திட்டமிடுபவர் 4பி.எல். இன்று அக்சென்சர் எனப்படும் ஆண்டர்சன் கன்சல்டிங் 1990களில் கொண்டுவந்த பெயர் அது. சிறு வியாபாரிக்கு 4பி.எல். தேவையே இல்லை. 3பி.எல். உதவும், முக்கியமாக இணையத்தில் விற்பவருக்கு. மற்ற மாதங்களில் குறைவாகவும் தீபாவளிக்கு முன் பல மடங்காகவும் ஆர்டர் வந்தால், சொந்தக் கிடங்கும் ஆளும் பாதி ஆண்டு சும்மா கிடக்கும். அடுக்கிய பேலட்டுக்கும் அனுப்பிய பார்சலுக்கும் மட்டும் காசு கொடுத்தால் அந்தச் சுமை குறையும். ஆண்டு முழுவதும் ஒரே சீராக விற்பவருக்குச் சொந்த வேனும் ஒரு நம்பகமான டிரைவருமே மலிவு.

யாரைத் தேர்ந்தெடுத்தாலும் காப்பீட்டை அவர் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. கப்பல் நிறுவனம் தரும் நஷ்டஈட்டுக்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. பட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் எடைக் கணக்கில் ஒரே தொகை வரலாம். அதோடு 'பொதுச் சேதம்' என்ற பழைய கடல் வழக்கம் இன்றும் செல்லும். நடுக்கடலில் தீப்பிடித்து, கப்பலையும் மீதிச் சரக்கையும் காப்பாற்ற ஒரு பகுதியைப் பலி கொடுத்தால், அந்த நஷ்டத்தைக் கப்பல் உரிமையாளரும் சரக்கு வைத்திருந்த எல்லாரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மூன்று கன மீட்டர் துணி வைத்திருந்தவரும் இதில் அடக்கம், அவர் துணிக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும். காப்பீடு எடுத்திருந்தால் அந்தப் பங்குக்குக் காப்பீட்டு நிறுவனம் உறுதிச்சீட்டுக் கொடுக்கும். எடுக்காதவர் தன் கையிலிருந்து பிணைத்தொகை கட்டிய பிறகுதான் பெட்டியை வெளியே எடுக்க முடியும்.