வயசானாலும் விலை இறங்காத பெட்டி

டிவியில் மாட்டி விளையாடும் சோனியின் வீடியோ கேம் பெட்டி பிளேஸ்டேஷன் 5, சுருக்கமாக பிஎஸ் 5. அதைப் பற்றித் திருமங்கலத்திலிருந்து ஒரு கல்லூரித் தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, பிஎஸ் 5 வந்து அஞ்சு வருசம் தாண்டிருச்சு. டவுன்ஹால் ரோட்டுல கடையில கேட்டா, அடுத்த மாடல் வரப்போகுது, பழசு கண்டிப்பா இறங்கும், பொறுங்கன்னு சொல்றாங்க. என் ஃபிரண்டு இனிமே ஏறத்தான் செய்யும்ங்கிறான். யாரை நம்புறது?"

நண்பரைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது தம்பி. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. அவர் சொல்வது ஒரு காலத்தில் அச்சு அசலாக நடந்த விஷயம். பிஎஸ் 2 அமெரிக்காவில் 2000-ல் 299 டாலருக்கு வந்தது, 2002-ல் 199 ஆனது, 2004-ல் 149, 2009-ல் 99. பிஎஸ் 3-ன் 60 ஜிபி மாடல் 2006-ல் 599 டாலர். மூன்றே வருடத்தில் அதன் மெலிந்த வடிவமான ஸ்லிம் 299. பிஎஸ் 4 கூட 399-ல் ஆரம்பித்து மூன்று வருடத்தில் 299-க்கு இறங்கியது. பிஎஸ் 5 கதை வேறு. டிஸ்க் போடும் மாடல் 2020 நவம்பரில் 499 டாலர், 2025 ஆகஸ்டில் 549. மைக்ரோசாஃப்டின் போட்டிப் பெட்டியான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் அதே 499-ல் ஆரம்பித்து 2025-ல் மட்டும் இரண்டு முறை ஏறி 649. இதையெல்லாம் விட வேடிக்கை நின்டெண்டோ ஸ்விட்ச். 2017-ல் வந்த பெட்டி அது. ஸ்விட்ச் 2 கடைக்கு வந்து இரண்டு மாதம் கழித்து, பழசின் விலையை 299-லிருந்து 339 ஆக்கினார்கள். புதுசு வந்தால் பழசு இறங்கும் என்ற கணக்கு அங்கேயே படுத்துவிட்டது.

அமெரிக்காவின் இறக்குமதி வரிதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். அதற்கும் பங்கு உண்டுதான். ஆனால் நம் நாட்டில் 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்த பிஎஸ் 5, அந்த வரியெல்லாம் வருவதற்கு வெகு முன்னாலேயே, 2022 நவம்பரில் 54,990 ஆகிவிட்டது. அப்படியென்றால் அடியில் வேறு என்னவோ மாறியிருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, விலை முன்பு ஏன் இறங்கியது என்று முதலில் பார்க்க வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அதுதான், கொஞ்சம் நீட்டி முழக்குவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிப் என்பது சிலிக்கான் தகட்டின் மேல் செதுக்கிய டிரான்சிஸ்டர் கூட்டம், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பில் படித்ததுதான். வருடா வருடம் அந்த டிரான்சிஸ்டர்களைச் சின்னதாக்கினார்கள். ஒரு சிப்பில் எத்தனை டிரான்சிஸ்டர் என்பது வேகமாகப் பெருகிக்கொண்டே போகும் என்று சிப் துறை முன்னோடி கார்டன் மூர் 1965-லேயே சொன்னார். சரி. போனில் இதனால் என்ன ஆகும்? அதே இடத்தில் கூடுதல் டிரான்சிஸ்டரைத் திணித்து, புதுப் போன் வேகமாக இருக்கிறது என்று அதே விலைக்கு விற்பார்கள். கன்சோலில், அதாவது இந்தக் கேம் பெட்டிகளில், அது முடியாது. 2020-ல் வாங்கியவன் பெட்டியிலும் 2026-ல் வாங்கியவன் பெட்டியிலும் ஒரே கேம், ஒரே மாதிரி ஓட வேண்டும். ஏழெட்டு வருடம் வேகத்தை ஏற்றவும் கூடாது, இறக்கவும் கூடாது. அதனால் தொழில்நுட்பம் முன்னேறும்போது கிடைக்கிற லாபம் முழுக்க ஒரே பக்கம்தான் போக முடியும்: சிப்பின் பரப்பு குறையும்.

பரப்பு குறைந்தால் ஏன் மலிவு? இங்கேதான் அழகு. சிப்களைத் தனித்தனியாகச் செய்வதில்லை. 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தகட்டில் நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் செதுக்கி, கடைசியில் அறுத்தெடுப்பார்கள். அந்தத் தகட்டைச் செய்து முடிக்க மாதக்கணக்கில் நூற்றுக்கணக்கான படிகள் ஆகின்றன. அதில் 100 சிப் இருந்தாலும் 400 இருந்தாலும் தகட்டின் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே ஒரு தகட்டில் எத்தனை நல்ல சிப் தேறும் என்பதுதான் கேள்வி.

'நல்ல' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. எவ்வளவு சுத்தமான ஆலையாக இருந்தாலும் தகட்டில் அங்கங்கே ஒரு தூசு, ஒரு கீறல், ஒரு புள்ளிக் குறை விழத்தான் செய்யும். புதுமண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்களே (இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டார்கள்), அவர்களில் ஒருவரிடம் பத்து இடத்தில் பூச்சி அரித்த துணி ஒன்றைக் கொடுத்து, பொத்தல் விழுந்த துண்டை எல்லாம் கழித்துவிடச் சொல்லுங்கள். வேட்டி அளவுக்குக் கிழித்தால் முழுசாக ஒன்றுகூடத் தேறாது. கைக்குட்டையாக வெட்டினால் பத்துத்தான் வீண், மீதி அத்தனையும் காசு. பொத்தல் அதே பத்துத்தான்.

இதைக் கணக்கில் போட்டுப் பார்த்தால்தான் ருசி தெரியும். சதுர சென்டிமீட்டருக்குச் சராசரி 0.1 குறை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 100 சதுர மில்லிமீட்டர் சிப் தப்பிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 90 சொச்சம். 200 ஆனால் அந்த 90-ல் மறுபடி 90 சதவீதம், அதாவது 82 அளவுக்கு வரும். பரப்பு கூடக் கூட இப்படிப் பெருக்கிக்கொண்டே சரியும். முதலில் வந்த பிஎஸ் 5 சிப், 7 நானோமீட்டர் முறையில் செய்தது (இந்த எண் குறையக் குறைய டிரான்சிஸ்டர் சின்னது என்று வைத்துக்கொள்ளுங்கள்), பரப்பு சுமார் 308 சதுர மில்லிமீட்டர். வட்டத் தகட்டின் ஓரத்தில் முழுசாக விழாத துண்டுகளைக் கழித்தால், ஒரு தகட்டில் 190 சிப் கொள்ளும், அதில் 140 பிழைக்கும். இதே சிப்பைப் பாதிப் பரப்பாக்கினால்? ஓரச் சேதாரம் குறைகிறது, 400 கொள்கிறது. தப்பிக்கும் வாய்ப்பும் கூடுகிறது, ஏறக்குறைய 345 பிழைக்கிறது. பரப்பு பாதியானால் சிப் இரண்டு மடங்கு என்றுதானே நினைப்போம்? இரண்டரை மடங்கு வருகிறது! அந்த அரை மடங்கு சும்மா வந்தது. இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

இதற்கு மேலும் ஒரு தந்திரம் உண்டு. பிஎஸ் 5-ன் படம் வரையும் பகுதியில் மொத்தம் 40 கணக்கீட்டு அலகுகள் செதுக்கியிருக்கிறார்கள். வேலை செய்ய விடுவது 36 மட்டும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் 56-க்கு 52. பிஎஸ் 3-ன் செல் சிப்பில் எட்டுத் துணைச் செயலிகளில் ஒன்றை வேண்டுமென்றே மூடி வைத்தார்கள். ஏன் இந்த வீண் செலவு? குறை விழுந்த அலகை மூடிவிட்டு மீதியை ஓட்டலாமே! குப்பைக்குப் போக வேண்டிய சிப் பெட்டிக்குள் போய்விடும். குறையே இல்லாத சிப்பிலும் நாலை மூடித்தான் ஆக வேண்டும், எல்லாப் பெட்டியும் ஒன்றுபோல் இருக்க வேண்டுமல்லவா. உங்கள் வீட்டுப் பெட்டியில் மூடிக் கிடக்கும் அந்த நாலும் ஒருவேளை நல்லாகவே இருக்கலாம்.

பிஎஸ் 2-தான் இந்த வித்தையின் உச்சம். ஆரம்பத்தில் இரண்டு பெரிய சிப், ஒன்று 240 சதுர மில்லிமீட்டர், இன்னொன்று 279. சில வருடத்தில் 90 நானோமீட்டர் வந்ததும் இரண்டையும் ஒரே சிப்பாக்கினார்கள், 86 சதுர மில்லிமீட்டர். ஆறில் ஒரு பங்கு! சிப் சிறுத்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் வெப்பம் கடத்தும் உலோகக் கட்டியும் ஃபேனும் பவர் சப்ளையும் சிறுக்கும், பெட்டி சிறுக்கும், கப்பலில் ஒரு கன்டெய்னரில் அதிகப் பெட்டி ஏறும். எல்லாச் செலவும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு இறங்கும். அந்த இறக்கத்தைத்தான் கடைக்காரர் பார்த்துப் பழகியிருக்கிறார்.

மீனாட்சி பஜார் பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் ஒரு பிஎஸ் 5-ஐ அக்கக்காகக் கழற்றி வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் இடத்தை அடைத்துக் கிடந்தது பெரும்பாலும் அந்த வெப்பக் கட்டிதான், மடிப்பு மடிப்பாக. அதைத் தூக்கினால் நடுவில் சிப், ஒரு பக்கம் இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது. மேலே காலியம் கலந்த திரவ உலோகம் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது, பையன் காது குடையும் பஞ்சுக் குச்சியால் அதைப் பூப்போல நடுவுக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தான். வெளியே வழிந்து பக்கத்துப் பாகத்தில் பட்டால் போர்டே போய்விடும். பக்கத்தில் கறுப்பாக எட்டு மெமரி சிப், ஒவ்வொன்றும் 2 ஜிபி. அந்த எட்டையும் நினைவில் வையுங்கள், அவைதான் இப்போதைய வில்லன்.

பிஎஸ் 5-ம் சிறுக்காமல் இல்லை. 2022-ல் 6 நானோமீட்டருக்கு மாறி 260 சதுர மில்லிமீட்டர் அளவுக்கு வந்தது, 4.5 கிலோ பெட்டி 3.9 ஆனது, ஸ்லிம் 3.2. ஆனால் பிஎஸ் 2 ஆறில் ஒன்றான இடத்தில் இது ஆறில் ஒரு பங்கைத்தான் இழந்தது. மேலே போகலாமே, 5, 3 என்று? போகலாம், லாபமில்லை. அதற்கு 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள தீவிரப் புற ஊதா ஒளி வேண்டும். உருகிய தகரத்துளிகளை நொடிக்கு 50,000 வீதம் விழவிட்டு, ஒவ்வொன்றையும் லேசரால் அடித்து அந்த ஒளியை உண்டாக்குகிறார்கள். இந்த இயந்திரத்தை உலகத்திலேயே நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் ஒன்றுதான் செய்கிறது. ஆகவே தகட்டின் விலை எகிறுகிறது, சிறுத்ததில் மிச்சமானதை அது தின்றுவிடுகிறது. இன்னொரு சங்கடம், சிப்பில் எல்லாப் பகுதியும் சிறுக்க மாட்டேன் என்கிறது. கணக்குப் போடும் பகுதி சிறுக்கும். சிப்புக்குள்ளேயே இருக்கும் எஸ்ரேம் என்ற வேக நினைவகம் 5 நானோமீட்டரோடு கிட்டத்தட்ட நின்றுவிட்டது. சிப் செய்து தரும் தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனத்தின் 5 நானோமீட்டரிலும் சரி, பரவலாகப் புழங்கும் 3 நானோமீட்டர் வகையிலும் சரி, அந்த நினைவக அறை ஒன்றின் அளவு அதே 0.021 சதுர மைக்ரோமீட்டர்தான். வெளியே மெமரியோடும் டிவியோடும் பேசும் பகுதிகள் அதைவிடப் பிடிவாதம். சிறுக்காத பகுதிக்கும் சேர்த்துப் புதுத் தகட்டின் விலையைக் கொடுக்க எந்த நிறுவனத்துக்குப் பைத்தியமா?

இந்த நிலையில்தான் அந்த எட்டுக் கறுப்பு சிப். மெமரியை உலகத்துக்குப் பெரும்பகுதி செய்து தருவது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றே நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் கேட்கும் எச்பிஎம் வகை மெமரி, அதே அளவு நினைவகத்துக்குச் சாதாரண மெமரியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு தகட்டை விழுங்குகிறது. ஆலையோ கட்டி முடிக்க வருடக்கணக்கில் ஆகும். 2025-ன் பிற்பகுதியில் மெமரி விலை சரசரவென்று ஏறியதற்கு இதுதான் காரணம். அந்த டிசம்பரில் மைக்ரான், குருஷியல் என்ற பெயரில் சில்லறையில் மெமரி விற்றுவந்த வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. இதோடு ரூபாயையும் சேருங்கள். பிஎஸ் 5 இங்கே வந்தபோது டாலர் 73 ரூபாய், 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. பெட்டியின் டாலர் விலை ஒரு பைசா ஏறாமல் இருந்தாலும் நமக்கு ஏறத்தான் செய்யும்.

இவ்வளவு இருக்க, பழைய கன்சோல்களின் விலைக்கோட்டை வரைந்து, அதை அப்படியே நீட்டி, ஆறாவது வருடம் இறங்கும் என்று ஆரூடம் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு அட்சய திருதியை நகைக்கடைக் கூட்டம்தான் ஞாபகம் வருகிறது. காரணம் செத்த பிறகும் பழக்கம் மட்டும் நடமாடுகிறது. சொன்னால் கோபம் வேறு வரும்.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. மொஹாலியில் இருக்கும் நம் அரசுச் சிப் ஆலை இன்றைக்கும் 180 நானோமீட்டரில்தான் செய்கிறது, கிட்டத்தட்ட பிஎஸ் 2 காலத்துச் சரக்கு. 1989-ல் அங்கே தீப்பிடித்து எரிந்ததிலிருந்து மீண்டு வர எத்தனையோ வருடம் பிடித்தது. இஸ்ரோவுக்கு அந்த 180 போதும், ராக்கெட்டுக்கான விக்ரம் சிப் அதில்தான் வந்தது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஆராய்ச்சிக்கு நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம் மட்டும் செலவழித்துவிட்டு 'சிப் வல்லரசு' என்று பேசினால் எப்படி? ஆலை கட்ட மானியம் கொடுப்பது போலவே, மதுரை மாதிரி ஊர்களில் பொருளறிவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு நேரத்துக்கு உதவித்தொகை கொடுத்தாலே பாதி வேலை நடக்கும் என்பது என் கட்சி.

சரி, தம்பிக்குப் பதில். ஆடி, தீபாவளிச் சமயத்தில் சில ஆயிரம் தள்ளுபடி வந்துபோகும்; வாங்குவதானால் அப்போது வாங்கிவிடுங்கள். அட்டையில் இருக்கும் விலை நிரந்தரமாகச் சரிய வேண்டுமென்றால் மெமரி விலை முதலில் சரிய வேண்டும். அந்தச் சந்தை ஏறுவதும் விழுவதுமாகவே இருந்திருக்கிறது, விழும்போது பலமாகவும் விழும், ஆனால் அது கன்சோலின் வயதைப் பார்த்து விழாது. பழையது வாங்குகிற யோசனை இருந்தால் பெட்டியைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். சிஎஃப்ஐ என்ற எழுத்துகளுக்குப் பின் 10 அல்லது 11 என்று எண் தொடங்கினால் உள்ளே இருப்பது பழைய 7 நானோமீட்டர் சிப். 12-ல் தொடங்கினால் 6 நானோமீட்டர், கரண்டும் சூடும் கொஞ்சம் குறைவு. கேம் ஓடுவதில் வித்தியாசமே தெரியாது, அதனால் விற்கிறவர் பெரும்பாலும் இதைப் பார்த்திருக்கவே மாட்டார். இரண்டுக்கும் ஒரே விலைதான் சொல்வார்.