இரண்டாவது திருட்டுக்கு யார் காரணம்?

சிறார் வழக்குகளில் நன்னடத்தை அலுவலராகப் பல ஆண்டுகளாக வேலை பார்த்துவருபவன் நான். வழக்கு விசாரணைக்கு வருமுன் அந்தப் பிள்ளையின் வீடு, பள்ளி, சகவாசம் எல்லாவற்றையும் விசாரித்து அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. அப்படி எழுதியவற்றில் ஒரு கோப்பு இன்றும் மனத்தை விட்டு அகலவில்லை.

15 வயது மாணவர்கள் இருவர் சேர்ந்து பள்ளி ஆய்வகத்தின் பூட்டை உடைத்துக் கணினி ஒன்றை எடுத்துவிட்டார்கள். ஒருவனின் தந்தை மறுநாள் காலையிலேயே தலைமை ஆசிரியரைப் பார்த்துப் பேசினார், நஷ்டத்தைக் கட்டினார். "வயதுக் கோளாறு" என்று விஷயம் அங்கேயே முடிந்தது. மற்றவனுக்காகப் பேச யாரும் வரவில்லை. தந்தை கிடையாது, தாய்க்கு இரவு வேலை. அவன் பெயர் மட்டும் காவல் நிலையத்துக்குப் போனது. பூட்டை உடைத்தவர்கள் இரண்டு பேர், என் மேசைக்கு வந்த கோப்பு ஒன்று.

இது ஏதோ ஓர் இடத்தில் தப்பித் தவறி நடந்தது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் சாம்பிளிஸ் ஒரே பள்ளியைச் சேர்ந்த இரண்டு பையன் கூட்டங்களை இரண்டு ஆண்டுகள் கூர்ந்து கவனித்து 1973-இல் எழுதினார். வசதியான வீட்டுப் பிள்ளைகள் எட்டுப் பேர், எளிய வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேர். வகுப்பை ஏமாற்றுவது, குடிப்பது, கண்டதை உடைப்பது, சின்னத் திருட்டு என இரு கூட்டமும் ஏறத்தாழ ஒரே அளவு அட்டூழியம் செய்தன. ஆனால் முதல் கூட்டத்தில் ஒருவன்கூடக் கைதாகவில்லை. அவர்களிடம் கார் இருந்தது, ஊர்க் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய் ஆடினார்கள். பிடிபட்டாலும் பணிவாகப் பேசத் தெரிந்திருந்தது. இரண்டாம் கூட்டத்தினர் தெருமுனையில் நின்றார்கள், முறைத்தார்கள், மாட்டிக்கொண்டே இருந்தார்கள். ஊர் முதல் கூட்டத்தைப் பற்றிச் சொன்னது "நல்ல பிள்ளைகள்".

ஒரு செயல் தன்னளவில் பிறழ்வு, அதாவது சமூக நெறியை மீறியது, ஆவதில்லை, பிறர் அதற்கு அந்தப் பெயரைச் சூட்டி, அது ஒட்டிக்கொள்ளும்போதுதான் ஆகிறது என்று இன்னொரு அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் 1963-இல் வாதிட்டார். பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1895-இலேயே இதற்கு வழி திறந்துவிட்டார். குற்றமே இல்லாத சமூகம் கிடையாது என்றார் அவர். துறவிகள் மட்டுமே வாழும் மடத்திலும் நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் சிறு தவறு அங்கே பெருங்குற்றமாகப் பார்க்கப்படும் என்பது அவர் தந்த உதாரணம்.

இந்தக் கோட்பாடுகளைக் கல்லூரியில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. பூட்டை உடைத்தது உடைத்ததுதானே, கணினியைப் பறிகொடுத்தவர்களுக்கு என்ன பதில்? இப்போதும் அந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. முத்திரை குத்துவதைப் பற்றிய கோட்பாடு முதல் திருட்டு ஏன் நடந்தது என்பதைச் சரியாகச் சொல்வதில்லை. அதன் பலம் இரண்டாவது திருட்டை விளக்குவதில் இருக்கிறது. சமூகவியலாளர் எட்வின் லெமெர்ட் 1951-இல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். முதல் பிறழ்வு யாருக்கும் நேரலாம், பெரும்பாலும் தானே அடங்கிவிடும். அதற்கு ஊர் காட்டும் முகத்தைப் பார்த்து, "சரி, நான் அப்படிப்பட்டவன்தான்" என்று ஒருவன் ஏற்றுக்கொண்டு செய்வது இரண்டாவது வகை.

அந்தக் கோப்புப் பையன் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டான். உறவினர் வீட்டு விசேஷத்தில் பணப்பை ஒன்று காணாமல் போனபோது முதலில் அவன் சட்டைப் பையைத்தான் சோதித்தார்கள். பணப்பை வேறு இடத்தில் கிடைத்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எட்டு மாதம் கழித்து இன்னொரு திருட்டுக்காக அவன் மறுபடி என் முன்னால் உட்கார்ந்திருந்தபோது, "எப்படியும் என்னைத்தானே சொல்வார்கள்" என்றான். அவனைப் பற்றிய இரண்டாம் அறிக்கையில் "பழகிய குற்றவாளி" என்று எழுதியவன் நானேதான். 16 வயதுப் பையனுக்கு!

முத்திரையின் எடை எவ்வளவு என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். சமூகவியலாளர் டெவா பேஜர் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஒரே தகுதியுள்ள இளைஞர்களை வேலைக்கு விண்ணப்பிக்க வைத்தார். சிலர் மட்டும் சிறை சென்றவர்களாகக் காட்டிக்கொண்டார்கள். 2003-இல் வெளியான அந்த ஆய்வில், குற்றப் பின்னணி இல்லாத வெள்ளையர்களில் 34 சதவீதத்தினரை நிறுவனங்கள் திரும்ப அழைத்தன, பின்னணி இருந்தால் 17. கறுப்பினத்தவருக்கு இதே கணக்கு 14, 5. எந்தத் தவறும் செய்யாத கறுப்பின இளைஞனுக்குக் கிடைத்த அழைப்பு, சிறை சென்ற வெள்ளையருக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. பிறக்கும்போதே முத்திரை குத்தப்படுவதும் உண்டு. 1871-இல் பிரிட்டிஷ் இந்தியாவில் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் முழுச் சமூகங்களையே குற்றவாளிப் பட்டியலில் சேர்த்ததை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது.

மேலிடத்துக் குற்றங்களுக்கோ முத்திரை சுலபத்தில் ஒட்டாது. குற்றவியல் ஆய்வாளர் எட்வின் சதர்லாண்ட் அமெரிக்காவின் 70 பெரிய நிறுவனங்களுக்கு எதிரான தீர்ப்புகளையும் ஆணைகளையும் தேடித் திரட்டினார். மொத்தம் 980 தேறியது, ஒரு நிறுவனம்கூடச் சுத்தமாக இல்லை. 1949-இல் புத்தகம் வந்தபோது நிறுவனங்களின் பெயர்களைப் பதிப்பாளர் நீக்கச் செய்துவிட்டார். பெயர்களோடு அது வெளிவர 1983 வரை ஆனது. அந்தக் கோப்புப் பையனின் பெயர் காவல் நிலையப் பதிவேட்டில் ஏற ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது.

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்று சொல்லி ஆசிரியர்கள் என்னிடம் பேச்சை முடித்துவிடுவார்கள். ஆனால் பாஸ்டனில் சீர்திருத்தப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்ட 500 சிறுவர்களைப் பற்றிய பழைய ஆய்வு ஒன்று உண்டு. அவர்களின் பிற்கால வாழ்க்கையை குற்றவியல் ஆய்வாளர்கள் ஜான் லாப், ராபர்ட் சாம்சன் இருவரும் 70 வயது வரை தேடிப் பார்த்தார்கள். வயது ஏற ஏறப் பெரும்பாலானோர் குற்றத்தை விட்டு விலகியிருந்தார்கள். நிலையான வேலை, நல்ல மணவாழ்க்கை போன்றவை பலருக்குத் திருப்புமுனை ஆகியிருந்தன. சமூகவியலாளர் டிராவிஸ் ஹிர்ஷி 1969-இல் கேட்ட கேள்வியும் இதே திசைதான்: மனிதன் ஏன் தவறு செய்கிறான் என்பதை விடுங்கள், பெரும்பாலோர் ஏன் செய்யாமல் இருக்கிறார்கள்? மனிதர்களோடும் வேலைகளோடும் இருக்கும் பிணைப்புதான் என்பது அவர் பதில். அதனால் முதல் சந்திப்பில் நான் குற்றத்தைப் பற்றிப் பேசுவதில்லை. "இது தெரிந்தால் யார் முகத்தை உன்னால் ஏறிட்டுப் பார்க்க முடியாது?" என்று கேட்கிறேன். பாட்டி, பயிற்சியாளர், தங்கை என்று ஒரு பெயர் வந்துவிட்டால் எனக்குப் பாதி வேலை முடிந்தது. யாரும் இல்லை என்று பதில் வரும் நாளில்தான் பயப்படுகிறேன்.

பிள்ளை முதல் தடவை மாட்டிக்கொண்டதாகச் சொல்லி வரும் பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் நான் கேட்டுக்கொள்வது சில காரியங்கள்தான். எடுத்ததை அவன் கையாலேயே திருப்பிக் கொடுக்கச் செய்யுங்கள், பாதிக்கப்பட்டவரின் பேச்சை அவன் நேரில் கேட்கட்டும். அது கடினமான தண்டனைதான். காலை வழிபாட்டில் நிறுத்திப் பெயர் சொல்லாதீர்கள். பள்ளியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், பகல் முழுக்கச் சும்மா இருக்கும் பையனை யார் சேர்த்துக்கொள்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் அறிக்கைப் படிவத்தில் "முந்தைய தீய நடத்தை" என்றொரு பகுதி உண்டு. அதை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை. கடந்த சில ஆண்டுகளாக அதனுடன் ஒரு தனித்தாளை இணைக்கிறேன். "முதல் சம்பவத்துக்குப் பின் பெரியவர்கள் செய்தவை" என்று தலைப்பிட்டுப் பள்ளி, வீடு, காவல் நிலையம் மூன்றுக்கும் இடம் விட்டிருக்கிறேன். பெரும்பாலும் அதில் எழுதக் கிடைப்பது ஒரே வரி: பள்ளியிலிருந்து நீக்கப்பட்டான்.