வாயேஜர் நம்மகிட்ட திரும்பி வருதா? போன்ல ஓடுற நம்பருக்குப் பின்னாடி நடக்குறது

பிப்ரவரி இல்லன்னா மார்ச் மாசத்துல போனை எடுத்து நாசாவோட வாயேஜர் பக்கத்தைத் திறந்து பாருங்க. வாயேஜர் 1 பூமியில இருந்து எவ்வளவு தூரத்துல இருக்குன்னு ஒரு நம்பர் ஓடிட்டே இருக்கும், அது ஏறாது, இறங்கிட்டு இருக்கும். 1977 செப்டம்பர் 5ஆம் தேதி கிளம்பி அன்னையில இருந்து விலகிப் போயிட்டே இருக்கிற விண்கலம் எப்படிங்க கிட்ட வரும்? முதல் தடவை பார்த்தப்ப நான் அந்தப் பக்கத்துல ஏதோ கோளாறுன்னுதான் நெனச்சேன்.

நம்பர் சரியாதான் இருந்துச்சு. வாயேஜர் சூரியனை விட்டு செகண்டுக்கு சுமார் 17 கிலோமீட்டர் வேகத்துல போயிட்டே இருக்கு, ஆனா நாம நிக்கிற பூமி செகண்டுக்கு கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் வேகத்துல சூரியனைச் சுத்துது, வருஷத்துல ஒரு மூணு மாசம் பூமி போற திசையும் வாயேஜர் இருக்கிற திசையும் ஓரளவு ஒத்துப் போகுது, அப்ப அது ஓடுறதை விட வேகமா நாம அதைத் துரத்துறோம். அப்புறம் பூமி வளைஞ்சு அந்தப் பக்கம் திரும்பினதும் நம்பர் மளமளன்னு ஏறும். அதே பக்கத்துல சூரியன்ல இருந்து எவ்வளவு தூரம்னு இன்னொரு நம்பர் இருக்கு, அது எந்த மாசத்துலயும் இறங்காது. பூமி சூரியனைச் சுத்துதுன்னு படிச்சிருக்கோம், அது சுத்துறதை இப்படி உள்ளங்கையில நேரா பார்த்தது எனக்கு அன்னைக்குத்தான்.

சரி, இந்த நம்பர் எங்க இருந்து வருது? வாயேஜர் சொல்லி அனுப்புறது இல்ல. அது இருக்கிற 2,500 கோடி கிலோமீட்டருக்கும் மேலான தூரத்துல இருந்து ஒளி இங்க வந்து சேரவே 23 மணி நேரத்துக்கு மேல ஆகும், அதனால செகண்டுக்கு செகண்ட் மாறுற நம்பர் நேரடியா வர வாய்ப்பே இல்ல. எல்லாமே கணக்கு. விண்கலங்களுக்கு ஜிபிஎஸ் மாதிரி எதுவும் அங்க கிடையாது, பூமியில இருக்கிற ஆன்டெனா ஒரு ரேடியோ சிக்னல் அனுப்பும், விண்கலம் அதை வாங்கித் திருப்பி அனுப்பும், போயிட்டு வர எவ்வளவு நேரமாச்சுன்னு பார்த்தா தூரம் கிடைச்சிடும். ரயில் நம்மளத் தாண்டிப் போறப்ப ஹாரன் சத்தம் சட்டுனு கட்டையா மாறுதுல்ல, அதே டாப்ளர் விளைவுதான் ரேடியோ அலையிலயும், திரும்பி வந்த சிக்னலோட அலைவரிசை எவ்வளவு மாறியிருக்குன்னு பார்த்தா வேகம் தெரியும். இந்த அளவுகளை எல்லாம் வச்சு, சூரியனும் கோள்களும் எவ்வளவு இழுக்குதுன்னு சேர்த்து, கலிஃபோர்னியாவுல இருக்கிற நாசாவோட ஆய்வகமான ஜேபிஎல் ஆளுங்க பாதையைப் போட்டு ஃபைலா வச்சிடுறாங்க. விண்கலங்களும் கோள்களும் இப்ப எங்க இருக்குன்னு காட்டுற நாசாவோட ஐஸ் ஆன் தி சோலார் சிஸ்டம் (Eyes on the Solar System) பக்கத்துல நாம விரலால உருட்டிப் பார்க்குற படம் அந்த மாதிரி ஃபைல்ல இருந்துதான் வருது.

2024 டிசம்பர் 24 அன்னைக்கு இது நல்லாப் புரிஞ்சுது. சூரியனை ஆராயப் போன நாசாவோட பார்க்கர் சோலார் புரோப் விண்கலம் சூரியனோட மேற்பரப்புல இருந்து 61 லட்சம் கிலோமீட்டர் வரைக்கும் நெருங்கிப் போச்சு, ஆனா அந்த நேரத்துல அதோட யாருக்கும் தொடர்பு இல்ல, நல்லா இருக்கேன்னு அது அனுப்பின சின்ன சிக்னல் அமெரிக்க நேரப்படி 26ஆம் தேதி ராத்திரிதான் கிடைச்சுது. நடுவுல ரெண்டு நாள் அந்தப் படத்துல பார்த்த பார்க்கர், எங்க இருக்கணுமோ அங்க இருக்கிற பார்க்கர். கணக்கு அவ்வளவு கச்சிதம்.

பக்கத்துல சுத்துற சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு கதை வேற, அங்க கணக்கு சீக்கிரம் பழசாயிடும். நிலையம் எப்ப நம்ம தலைக்கு மேல வரும்னு சொல்ற ஐஎஸ்எஸ் டிடெக்டர் மாதிரி ஆப்புங்க நெட்ல இருந்து எடுக்குறது ரொம்பச் சின்ன விஷயம், ரெண்டே ரெண்டு வரி, ஒவ்வொண்ணுலயும் 69 எழுத்து, பாதை எவ்வளவு சாய்வா இருக்கு, ஒரு நாளைக்கு எத்தனை சுத்து, காத்து எவ்வளவு இழுக்குதுங்கிறது எல்லாம் அதுக்குள்ளேயே இருக்கு, மிச்சக் கணக்கை உங்க போனே போட்டுடும். ஆமா, காத்துதான், 400 கிலோமீட்டர் உயரத்துலயும் கொஞ்சம் இருக்கு, அதுல உரசி நிலையம் மெதுவா இறங்கும், அதனால அப்பப்ப எஞ்சினைப் போட்டு மேல தூக்குவாங்க. ஒரே ஒரு கிலோமீட்டர் மேல தூக்கினா சுத்துக்கு ஒரு செகண்டுக்கு மேல கூடும், ஒரு நாளைக்கு 15 சுத்துக்கு மேல போகுது, ஒரு வாரத்துல ரெண்டு நிமிஷம் தள்ளிப் போயிடும். ஊர்ல நெட் இல்லாத இடத்துல பழைய டேட்டாவை வச்சுட்டு மாடியில நின்னு, ஆப் சொன்ன நேரம் தாண்டியும் ஒண்ணும் காணோமேன்னு கீழ இறங்கப் போனப்ப நிலையம் பளிச்சுனு தலைக்கு மேல வந்ததைப் பார்த்திருக்கேன். கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டுலயே ஒரு தடவை அப்டேட் பண்ணிடுங்க. திசை காட்டுற அம்புக்குறியையும் முழுசா நம்பாதீங்க, அது போனுக்குள்ள இருக்கிற காந்த உணர்வியை வச்சு வருது, இரும்புக் கம்பி, தண்ணி டேங்க் ஸ்டாண்ட் பக்கத்துல நின்னா தப்பாக் காட்டும்.

நிலையம் சாயங்காலமும் விடியக்காலையும் மட்டும் ஏன் வருதுன்னு நிறைய பேர் கேக்குறாங்க. வராம இல்ல, சுமார் 93 நிமிஷத்துக்கு ஒரு சுத்து போயிட்டேதான் இருக்கு, ஆனா அதுல தெரியுற வெளிச்சம் சூரிய வெளிச்சம், அதனால நமக்கு இருட்டாவும் மேல அதுக்கு வெயிலாவும் இருக்கணும். நடுவானத்துல போயிட்டு இருக்கும்போதே சட்டுனு மங்கி மறைஞ்சா பூமியோட நிழலுக்குள்ள நுழைஞ்சிடுச்சுன்னு அர்த்தம்.

இதுல எல்லாம் எனக்கு ரொம்பப் பிடிச்சது டிஎஸ்என் நவ் (DSN Now), தொலைதூர விண்கலங்களோட பேசுற நாசாவோட ஆன்டெனாக்கள் இப்ப என்ன பண்ணுதுன்னு காட்டுற பக்கம். இதுக்கு ஆப் கூட வேணாம், போன் பிரவுசர்லயே திறக்கும். அமெரிக்காவுல கோல்ட்ஸ்டோன், ஸ்பெயின்ல மாட்ரிட், ஆஸ்திரேலியாவுல கான்பெரான்னு மூணு இடத்துல அந்த ஆன்டெனாக்கள் இருக்கு, பூமி சுத்தச் சுத்த ஏதாவது ஒரு இடத்துக்கு அந்த விண்கலம் தெரியணும்னு உலகத்தைச் சுத்தி மூணாப் பிரிச்சு வச்சிருக்காங்க, எந்த டிஷ் இப்ப எதோட பேசுதுன்னு இங்க நிஜமாவே தெரியும். வாயேஜர் 1ன்னு பேர் வந்தா அதைத் தொட்டுப் பாருங்க, செகண்டுக்கு 160 பிட் மாதிரி ஒரு வேகம் காட்டும். அதோட டிரான்ஸ்மிட்டர் சுமார் 23 வாட், நம்ம வீட்டு எல்இடி ட்யூப் லைட்டு அளவுதான், அந்த சிக்னல் இங்க வந்து சேரும்போது எவ்வளவு நைஞ்சு போயிருக்கும், அதைப் பிடிக்கத்தான் 70 மீட்டர் டிஷ்.

வாயேஜர் 2ஐ கான்பெராவுலதான் தேடணும். 1989ல நெப்டியூன் பக்கமாப் போனப்ப பாதை தெற்கே வளைஞ்சிடுச்சு, வடக்கே இருக்கிற ரெண்டு இடத்துல இருந்தும் அது தெரியாது. 2023 ஜூலைல தப்பா ஒரு கட்டளை போய் அதோட ஆன்டெனா பூமியை விட்டு 2 டிகிரி திரும்பிடுச்சு, பேச்சே நின்னு போச்சு. கான்பெராவுல இருந்து முழு பவர்ல கத்துற மாதிரி ஒரு கட்டளை அனுப்பினாங்க, போய்ச் சேர 18 மணி நேரத்துக்கு மேல, பதில் வர இன்னொரு 18 மணி நேரத்துக்கு மேல. 37 மணி நேரம் காத்திருந்து ஆகஸ்ட் 4 அன்னைக்கு டேட்டா வந்துச்சு. இப்பவும் ராத்திரி தூக்கம் வரலன்னா அந்தப் பக்கத்தைத் திறந்து கான்பெராவோட 43ஆம் நம்பர் டிஷ்ஷைத்தான் முதல்ல பார்ப்பேன், அதுல வாயேஜர் 2 பேர் இருந்து கீழ்நோக்கி அலை வந்துட்டு இருந்தா கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துட்டு இருப்பேன்.